ஒன்றரை சீசன் ஆடிய மனிதர்

பையன் வீட்டு ஹாலில் மாட்டியிருந்த அந்தப் போட்டோவை நான் முதல் பார்வையிலேயே நம்பவில்லை. முறுக்கிய மீசை, முட்டிக்குக் கீழே இறங்கிய கால்சட்டை, நெஞ்சில் கட்டிய கை, காலடியில் ஒரு தோல்பந்து. பக்கத்தில் வேறு ஒருவரும் இல்லை. டீம் என்றால் கூட இன்னும் பத்துப் பேராவது நிற்க வேண்டாமா? ஸ்டுடியோக்காரனிடம் பந்தை இரவல் வாங்கி வைத்துக்கொண்டு நின்றிருந்தால் யாருக்குத் தெரியப்போகிறது?

நான் சாஃப்ட்வேர் டெஸ்டிங்கில் இருப்பவன். எல்லாம் சரியாக ஓடுகிறது என்று மற்றவர்கள் சத்தியம் பண்ணிக் கொடுப்பதை, ஓடவில்லை என்று காட்டுவதற்குத்தான் நியூஜெர்சி பார்சிப்பனியில் எனக்குச் சம்பளம். அந்தப் புத்தி ஆபீஸோடு நிற்காது. ஹோட்டலில் பில் வந்தால் கூட்டிப் பார்ப்பேன். கோயிலில் பிரசாதப் பொட்டலம் கொடுத்தால் பிரித்து முகர்ந்துவிட்டுத்தான் வாயில் போடுவேன். நான் சாமியிடமே ரசீது கேட்கிற ஆள் என்று என் மனைவி தோழிகளிடம் சொல்லிச் சிரிப்பாள். இருக்கட்டும். ஏமாந்தவன் என்று பெயர் எடுப்பதைவிட இது மேல்.

மகள் ஓர் அமெரிக்கப் பையனைக் கல்யாணம் பண்ணிக்கொள்கிறேன் என்று சொன்னபோது நான் ஆடித்தான் போனேன். ஆனால் குதிக்கவில்லை. அந்த ஆட்டமெல்லாம் பலிக்காது என்று பிரிட்ஜ்வாட்டர் கோயில் பார்க்கிங்கில் எத்தனையோ அப்பன்கள் புலம்பிக் கேட்டிருக்கிறேன். சரி, குடும்பத்தைப் பார்க்கலாம் என்றேன். அப்படித்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவர்கள் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் போய் உட்கார்ந்தோம்.

பையனின் அப்பா பெரிய உடம்புக்காரர், சிரித்த முகம். சிரித்த முகம் என்றாலே எனக்குக் கொஞ்சம் யோசனைதான். நான் போட்டோவைப் பார்ப்பதைப் பார்த்துவிட்டு அவரே ஆரம்பித்தார். அது அவருடைய கொள்ளுத்தாத்தா. விக்டோரியா மகாராணி காலத்தில் இங்கிலாந்தின் வடக்கே ஒரு பஞ்சாலை ஊரில் சம்பளத்துக்குக் கால்பந்து ஆடியவர். காசு வாங்கிக்கொண்டு ஆடுவதே அப்போது புதுசாம். சனிக்கிழமை மில் சங்கு ஊதியதும் ஊரே மைதானத்துக்கு ஓடி வருமாம். அந்தக் கூட்டத்துக்கு முன்னால் இவர் ஓர வரிசையில் பறப்பாராம். ஒன்றரை சீசன் ஆடினார் என்று முடித்தார்.

"ஒன்றரை சீசன்தானா? அப்புறம் ஏன் விட்டுட்டார்?" என்று நான் இங்கிலீஷில் கேட்டேன்.

சாதாரணக் கேள்விதான். அதற்கு அவர் மகனை ஒரு பார்வை பார்த்தார். மகன் தட்டைப் பார்த்தான். ஏதோ குடும்ப விஷயம் என்று சொல்லிவிட்டு அவர் சாலட் கிண்ணத்தை என் பக்கம் தள்ளினார். இத்தனை வருஷமாக டெவலப்பர்களின் முகத்தைப் பார்த்துப் பழகியவன் நான். ஒளிக்கிறார்கள் என்பது எனக்கு அந்த நொடியிலேயே தெரிந்துவிட்டது.

திரும்பி வரும்போது ஃப்ரீவேயில் ஏறியதும் பேச்சை எடுத்தேன். என் அப்பா கோயமுத்தூரில் மில் தொழிலாளி. அங்கே மில்லுக்கு மில் டீம் உண்டு. ஆட்டக்காரனுக்குப் பேருக்கு ஸ்பின்னிங்கில் ஒரு வேலை இருக்கும், உண்மையான வேலை மைதானத்தில். அந்த வாழ்வைப் பாதியில் யாரும் சும்மா விட்டதில்லை. மூட்டு போயிருக்கும், மூச்சு போயிருக்கும், குடி பிடித்திருக்கும், இல்லை ஒரு போலீஸ் கேஸ் இருக்கும். பஞ்சுத் தூசி வேறு. நெஞ்சுக்கோளாறாக இருந்தால் அது வம்சத்தில் இறங்கும், நாளைக்கு நம் பேரப்பிள்ளைக்கு வரும் என்றேன்.

"ஏனுங்க, அந்த மனுசன் செத்து எந்தக் காலமாச்சு. இப்பப் போயி அவுருக்கு ஈசிஜி எடுக்கறீங்களா?" என்றாள் மனைவி.

அவர் எண்பது வயசுக்கு மேல் நன்றாகத்தான் இருந்தார் என்று பின் சீட்டிலிருந்து மகள் இங்கிலீஷில் சொன்னாள். அப்படியானால் ஆட்டத்தை ஏன் விட்டார் என்றேன். அவள் தெரியாது என்று சொல்லிவிட்டுக் காதில் எதையோ மாட்டிக்கொண்டாள். எனக்கு அதுவும் சரியாகப் படவில்லை.

உண்மையைச் சொல்வதானால், கொள்ளுத்தாத்தாவுக்கு முன்னாலேயே எனக்குப் பையன்மேல் ஒரு குறை இருந்தது. அவன் ஒரு பள்ளிக்கூடத்தில் சாக்கர் கோச். வாரக்கடைசியில் சின்னப் பிள்ளைகளுக்கும் கற்றுக்கொடுப்பான். நல்ல பையன்தான், ஆனால் விசில் ஊதுவது ஒரு வேலையா? நண்பர்கள் கேட்டால் என்ன சொல்வது? மாப்பிள்ளை எங்கே இருக்கிறார் என்றால் புல்தரையில் இருக்கிறார் என்றா? முதல் தடவை பார்த்தபோதே, இது பர்மனெண்டா, இன்சூரன்ஸ் உண்டா, வேறு ஏதாவது படிக்கிற யோசனை இருக்கிறதா என்று நான் சுற்றி வளைத்துக் கேட்டிருந்தேன். அவன் எல்லாவற்றுக்கும் சிரித்துக்கொண்டே பதில் சொன்னான். கொஞ்ச நாள் கழித்து அவனே போன் பண்ணி, டெஸ்டிங் கற்றுக்கொள்ள எவ்வளவு காலம் ஆகும் என்று விசாரித்தான். எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. நல்ல கோர்ஸ்களாகப் பார்த்து லிங்க் அனுப்பினேன். திடீரென்று எதற்கு இந்த ஆர்வம் என்று ஒரு மூலையில் உறுத்தியது. ஆனால் நமக்குச் சாதகமான விஷயத்தை நான்கூட ரொம்ப நோண்டுவதில்லை.

இப்போது போட்டோ விவகாரமும் சேர்ந்துகொண்டது. இணையத்தில் தேடிப் பார்த்தேன். அந்தப் பெயரில் பாதி இங்கிலாந்தே இருந்தது. எனவே, எங்கள் பக்கம் வழக்கமாகச் செய்வதைச் செய்வது என்று முடிவு பண்ணினேன்.

எங்கள் பக்கத்தில் சம்பந்தம் பேசினால், வெளியே விசாரிக்காமல் தட்டு மாற்ற மாட்டார்கள். வீட்டுக்குள் வந்து கேட்டால் எல்லோரும் நல்லவர்கள்தான். அதனால் தெருமுனையில் கேட்பார்கள், டீக்கடையில் கேட்பார்கள், எதிர்வீட்டில் தண்ணீர் வாங்கிக் குடித்துக்கொண்டே கேட்பார்கள். என் கல்யாணத்தின்போது மனைவியின் பெரியப்பா எங்கள் தெரு டீக்கடையில் வந்து உட்கார்ந்து, நான் சிகரெட் பிடிக்கிறேனா, எந்தச் சைக்கிள் ஸ்டாண்டில் யாரோடு நிற்கிறேன் என்றெல்லாம் பார்த்துவிட்டுப் போனார். பிறகு தெரிந்தபோது எனக்குக் கோபமே வரவில்லை. பெண்ணைக் கொடுக்கிறவன் அப்படித்தான் இருக்க வேண்டும் என்றுதான் தோன்றியது. கேட்காமல் கொடுத்தால்தான் அவமானம்.

நியூஜெர்சியில் டீக்கடைக்கு எங்கே போவது? சனிக்கிழமை காலையில் கோயிலுக்குப் போகிறேன் என்று வீட்டில் சொல்லிவிட்டு, நேராகப் பையன் வீட்டுத் தெருவுக்கு வண்டியை விட்டேன். அவர்கள் வீட்டுக்கு எதிர்ப்பக்கம், கொஞ்சம் தள்ளி, ஒரு மேப்பிள் மரத்தடியில் நிறுத்தினேன். ஃபிளாஸ்க்கில் காப்பி இருந்தது. மனைவியின் பெரியப்பா உட்கார்ந்த பெஞ்சைவிட என் சீட் வசதி.

பையனின் அப்பா வெளியே வந்து புல் வெட்டினார். நான் அவருடைய மூச்சைக் கவனித்தேன். மெஷினைத் தள்ளிக்கொண்டு மேட்டில் ஏறி இறங்கினார். ஒரு தடவை நின்று இடுப்பில் கை வைத்தார். நெஞ்சில் வைத்திருந்தால் நான் அப்படியே வண்டியைத் திருப்பியிருப்பேன். இடுப்பு என்பதால் முடிவுக்கு வர முடியவில்லை. பிறகு அவர் மெஷினைத் தள்ளிக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

அப்போது ஓர் அம்மாள் நாயைக் கூட்டிக்கொண்டு வண்டியைக் கடந்து போனாள். திரும்பி வரும்போது கண்ணாடியை இறக்கி வணக்கம் சொன்னேன். அந்த வீட்டுக்காரர்கள் எப்படி என்று கேட்டேன். நல்லவர்கள் என்றாள். யாருக்காவது நெஞ்சுவலி, ஆபரேஷன் உண்டா என்று கேட்டேன். அவள் முகம் மாறியது. மகன் எப்போது வருவான், எப்போது போவான் என்றும் சேர்த்துக் கேட்டேன். எங்கள் ஊரில் இதற்குள் அவள் மூன்று தலைமுறைக் கதையை ஒப்பித்திருப்பாள். இவள் நாயை இழுத்துக்கொண்டு வேகமாகப் போய்விட்டாள்.

சற்று நேரத்தில் போலீஸ் வண்டி சத்தமில்லாமல் என் பின்னால் வந்து நின்றது.

அதிகாரி என் மகள் வயசுப் பையன். ரொம்ப மரியாதையாகத்தான் பேசினான். கைகளை ஸ்டியரிங்மேல் வைத்துக்கொண்டேன். யாரைப் பார்க்க வந்தீர்கள் என்றான். யாரையும் பார்க்க வரவில்லை என்றேன். பின்னே எதற்கு ரொம்ப நேரமாக அந்த வீட்டையே பார்க்கிறீர்கள் என்றான். கல்யாணத்துக்கு முன்னால் இப்படி வெளியில் உட்கார்ந்து பார்ப்பதுதான் எங்களில் முறை, உள்ளே போய்க் கேட்டால் உண்மை வராது என்று அவனுக்கு எந்த இங்கிலீஷில் சொல்வது? எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் சொன்னேன். சொல்லச் சொல்ல அது இன்னும் மோசமாகிக்கொண்டே போனது. இத்தனை வருஷமாக எல்லோரையும் சந்தேகப்பட்டவன், முதன்முறையாக அந்தக் கண்ணாடிக்கு மறுபக்கம் உட்கார்ந்திருந்தேன். வெட்கமாகவும் இருந்தது, பயமாகவும் இருந்தது.

எதிர்வீட்டுக் கதவு திறந்தது. பையனின் அப்பா வீட்டுச் செருப்போடு புல்லைத் தாண்டி வந்தார். குனிந்து என்னைப் பார்த்தார். நிமிர்ந்து அதிகாரியிடம், "இவர் எங்க வீட்டு மனுஷர்," என்று இங்கிலீஷில் சொன்னார்.

அதிகாரி போய்விட்டான். நான் வண்டியைவிட்டு இறங்கினேன். அவர் என் தோளில் கை போட்டு உள்ளே கூட்டிக்கொண்டு போனார். அவர் மனைவி ஆஸ்பத்திரி வேலைக்குப் போயிருந்தார். பையன் மைதானத்தில் இருந்தான். அந்தப் போட்டோவுக்குக் கீழேயே உட்காரவைத்து, பாலில்லாத காப்பி ஒன்றைக் கொடுத்துவிட்டு, "என்ன தெரியணும், கேளுங்க," என்றார்.

திட்டியிருந்தால் சமாளித்திருப்பேன். இதற்கு என்ன பண்ணுவது? போட்டோவைக் காட்டி, இவர் ஏன் ஆட்டத்தை விட்டார் என்று மறுபடியும் கேட்டேன்.

அவர் கோப்பையைக் கீழே வைத்தார். உங்களிடம் சொல்லக் கூடாது என்று மகன் கேட்டுக்கொண்டான், உங்களைக் குத்திக் காட்டுவதுபோல் ஆகிவிடும் என்றான், அதனால்தான் அன்றைக்கு மழுப்பினேன் என்றார். பிறகு சொன்னார்.

கொள்ளுத்தாத்தாவுக்கு நெஞ்சிலும் ஒன்றுமில்லை, முட்டியிலும் ஒன்றுமில்லை. அதே மில்லில் தறிப் பகுதி மேஸ்திரியின் மகளை விரும்பினார். அந்த மேஸ்திரி ஞாயிறு தவறாமல் தேவாலயம் போகிறவர், ஊரில் கௌரவமானவர். காசுக்காகப் பந்து உதைக்கிறவனும் சர்க்கஸ்காரனும் ஒன்று என்பது அவர் கட்சி. இவரைப் பற்றிக் கடைவீதி முழுக்க விசாரித்தாராம். ஒரு கெட்ட பழக்கமும் அகப்படவில்லை. ஆனாலும், என் பெண் வேண்டுமென்றால் பந்தை விடு, தறியில் வந்து நில் என்றுவிட்டார். இவர் சீசனின் நடுவிலேயே விட்டுவிட்டுத் தறியில் போய் நின்றார். கல்யாணம் நடந்தது. சனிக்கிழமை சங்கு ஊதினால் எல்லோரும் மைதானத்துக்குப் போக, இவர் மட்டும் வீட்டுக்கு வருவார். வந்து யாரிடமும் பேச மாட்டார். அதைப் பார்த்துச் சகிக்காமல் அந்தப் பெண்தான் ஒரு நாள், இங்கிருந்து போய்விடலாம் என்றாளாம். நியூஜெர்சி நூல் ஆலைக்கு ஆள் எடுத்துக்கொண்டிருந்த சமயம். இருவரும் கப்பலேறிவிட்டார்கள். இங்கே வந்தும் அவர் பந்தைத் தொடவில்லை, பிள்ளைகளையும் தொடவிடவில்லை. எங்கள் வீட்டில் மறுபடி பந்தைக் கையில் எடுத்தது என் மகன்தான் என்றார்.

"அந்த மேஸ்திரி?" என்றேன்.

"அவர் கேட்டபடியேதான் எல்லாம் நடந்தது. ஆனா அதுக்கப்புறம் அவர் மகளைப் பார்க்கவே இல்லை," என்றார்.

பிறகு, தன் மகன் நான் அனுப்பிய கோர்ஸை எடுத்துப் படித்துக்கொண்டிருப்பதாகவும், வருகிற மாதம் பள்ளிக்கூடத்தில் ராஜினாமா கொடுக்கப்போவதாகவும் சொன்னார். தனக்கு அதில் வருத்தமில்லை, அவனுக்கு என்ன தேவை என்று அவனுக்குத் தெரியும் என்றார். வருத்தமில்லை என்று சொன்னவர் என்னைப் பார்க்கவில்லை, போட்டோவைப் பார்த்தார்.

காப்பிக்கு நன்றி சொல்லிவிட்டு வந்தேன். வண்டியில் ஏறி அந்தத் தெருவைத் தாண்டியதுமே பழைய புத்தி தலைதூக்கிவிட்டது. கதை ரொம்பக் கச்சிதமாக இருக்கிறதே. மாமனார், விசாரணை, வேலையை விடு. என் சட்டைக்கு அளவெடுத்துத் தைத்த மாதிரி அல்லவா இருக்கிறது? ஒரே தடவையில் எல்லா டெஸ்டும் பாஸாகிற புரோகிராமை நான் ஒருநாளும் நம்பியதில்லை. இது என் மகள் எழுதிக் கொடுத்த கதை. அவள்தான் அந்த மனுஷரிடம் சொல்லி, அப்பா எப்படியும் வருவார், வந்தால் இதைச் சொல்லுங்கள் என்று தயார் பண்ணி வைத்திருக்கிறாள். வீடு வந்து சேர்வதற்குள் எனக்கு அது நிச்சயமாகிவிட்டது. கோபம் வந்தது. கோபம் வந்தது என்பதைவிட, கோபப்பட ஒரு காரணம் கிடைத்ததில் நிம்மதியாக இருந்தது என்று சொல்வதுதான் சரி.

மகள் சமையலறையில் நின்றுகொண்டிருந்தாள். போலீஸ் வந்த கதை பையன் மூலமாக எனக்கு முன்னாலேயே வந்து சேர்ந்திருந்தது. அவள் அழுதிருந்தாள். கத்துவாள் என்று எதிர்பார்த்தேன், கத்தவில்லை. உங்களை நினைத்து வெட்கமாக இருக்கிறது, நானும் அவனும் வேறு ஊரில் வேலை பார்த்துக்கொள்ளலாமா என்று யோசிக்கிறோம், டெக்சாஸில் காப்பெல் பக்கம் அவன் ஃபிரெண்ட் இருக்கிறான் என்று இங்கிலீஷில் நிதானமாகச் சொன்னாள். என் மனைவி அடுப்பை அணைத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

நான் அதற்குப் பதில் சொல்லாமல், "அந்தத் தாத்தா கதையை நீதானே கண்ணு சொல்லிக் குடுத்தே?" என்றேன்.

"வாட் ஸ்டோரி?" என்றாள்.

நான் அவள் முகத்தையே பார்த்தேன். பொய் சொன்னால் அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே இடது புருவம் லேசாக ஏறும். ஏறவில்லை. என்னைக் குத்திக் காட்டக் கூடாது என்று அந்தப் பையன் அவளிடம்கூடச் சொல்லாமல் இருந்திருக்கிறான். எனக்கு எந்தப் பக்கமும் பிடித்து நிற்க இடமில்லாமல் போயிற்று.

அவளுக்குக் கதையை நானே சொல்ல வேண்டியதாயிற்று. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து சொன்னேன். மில், சங்கு, மேஸ்திரி மகள், கடைவீதி விசாரணை, தறி, கப்பல். நடுவில் மனைவி ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். மேஸ்திரி தன் மகளைத் திரும்பப் பார்க்கவே இல்லை என்ற இடம் வந்தபோது டம்ளரை எடுத்தேன். தண்ணீரைக் குடித்துவிட்டுச் சொன்னேன். மகள் எதிர் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டாள்.

அவனுக்கு அந்தக் கோர்ஸ் பிடிக்கிறதா என்று கேட்டேன். துளிகூடப் பிடிக்கவில்லை, ஆனால் முடித்துவிடுவான் என்றாள்.

"முடிக்க வேண்டாம்னு சொல்லு. ராஜினாமாவும் குடுக்க வேண்டாம். அடுத்த சனிக்கெழமை அவன் பசங்களுக்கு மேட்ச் இருக்குதான்னு கேளு. நான் வர்றேன். தள்ளி நிக்க மாட்டேன், கிட்டயே வந்து உக்காந்துக்கறேன்," என்றேன்.

அவள் போனை எடுத்தாள். எடுத்தவள் எதையும் அழுத்தாமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, அந்தப் பெண்ணின் அப்பா என்ன ஆனார் என்று கேட்டாள். அவள் போன பிறகு யார் அவரைப் பார்த்துக்கொண்டார்கள், எத்தனை காலம் இருந்தார், எப்படி இருந்தார் என்று கேட்டாள்.

"தெரியல கண்ணு. அவுரைப் பத்தி யாருமே விசாரிக்கலையாட்ட இருக்குது," என்றேன்.